எடிசன், டெஸ்லா தவிர்த்து, மின்துறை முன்னோடி ஒருவரைப் பற்றிச் சொல்லுங்களேன்?

என் தேர்வு ஹெர்த்தா அயர்ட்டன் (1854–1923). இங்கிலாந்துக்காரர். புதிதாக ஒரு விளக்கைக் கண்டுபிடித்தவர் அல்லர். ஏற்கெனவே தெருவில் எரிந்துகொண்டிருந்த விளக்கு ஏன் சீறுகிறது என்று கண்டுபிடித்தவர். இரண்டாவது வேலைதான் கடினம் என்பது என் கட்சி.

அந்த விளக்கு, கார்பன் வில் விளக்கு. இரண்டு கார்பன் குச்சிகளின் முனைகளைத் தொடவைத்து, மின்சாரம் பாயும்போதே சற்று விலக்கினால், இடைவெளியில் கண்ணைப் பறிக்கும் வெளிச்சம் நிற்கும். அந்த வெளிச்சத்துக்குத்தான் வில் (arc) என்று பெயர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய நகரத் தெருக்களில் அது எரிந்தது. நம் ஊர்ப் பழைய சினிமாக் கொட்டகைகளின் புரொஜக்டருக்குள்ளும் அதுதான். என் பெரியப்பா டூரிங் டாக்கீஸ் ஆபரேட்டர். ஒரு கண் திரையிலும் மறு கண் கறுப்புக் கண்ணாடியிலுமாக நின்று, குச்சி தேயத் தேயத் திருகைத் திருப்பி இடைவெளியைச் சரிசெய்துகொண்டே இருப்பார். சற்று அசந்தால் திரை மங்கும், தரை டிக்கெட்டிலிருந்து விசில் பறக்கும். மின்னோட்டம் கூடினால் குச்சி உஸ்ஸென்று சீறும்.

இந்தச் சீறலுக்குத்தான் ஹெர்த்தா காரணம் சொன்னார். நேர்மின் குச்சியின் முனையில் வெள்ளையாகக் கனலும் சிறு பள்ளம் ஒன்று உருவாகும். மின்னோட்டம் ஓர் அளவைத் தாண்டினால் பள்ளம் முனையில் அடங்காமல் பக்கவாட்டில் ஏறிவிடும். அதுவரை கார்பன் ஆவி போர்த்திக் காத்த இடத்தில் வெளிக்காற்று புகும். ஆக்ஸிஜன் பட்டதும் கனலும் கார்பன் எரிந்து சீறும், மின்னழுத்தமும் சட்டென்று 10 வோல்ட் அளவுக்கு இறங்கும். காற்றுப் புகாதபடி மூடி எரித்தால் சீறல் இல்லை என்பதையும் சோதித்துக் காட்டினார். அவருக்கு முன் அளந்தவர்களின் எண்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. குச்சி முனைகள் நிலையான வடிவத்துக்கு வரும்வரை பொறுத்திருந்து அளந்ததால், மின்னழுத்தம், மின்னோட்டம், வில்லின் நீளம் மூன்றையும் ஒரே சமன்பாட்டில் அவரால் கட்ட முடிந்தது. அந்தச் சமன்பாடு இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

1899இல் லண்டன் மின்பொறியாளர் கழகத்தில் இதைத் தானே வாசித்தார். அங்கே தன் கட்டுரையை வாசித்த முதல் பெண் அவர். அதே ஆண்டு கழகத்தின் முதல் பெண் உறுப்பினரும் ஆனார்.

வந்த வழி சுலபமானதல்ல. தந்தை போலந்திலிருந்து குடியேறிய யூதக் கடிகாரக்காரர். அவர் 1861இல் இறந்தபோது வீட்டில் ஏழு குழந்தைகள், எட்டாவது வயிற்றில். தாய் தையல் வேலை செய்தார். 16 வயதில் ஹெர்த்தா வீட்டு ஆசிரியையாக வேலைக்குப் போனார். பிறகு கேம்பிரிட்ஜின் கர்ட்டன் கல்லூரியில் கணிதம் படித்துத் தேறினார், ஆனால் அந்தக் காலத்தில் கேம்பிரிட்ஜ் பெண்களுக்குப் பட்டம் தருவதில்லை. லண்டன் பல்கலைக்கழகத் தேர்வு எழுதித்தான் பட்டம் வாங்கினார். மாலை வகுப்பில் மின்னியல் கற்பித்த பேராசிரியர் வில்லியம் அயர்ட்டனை 1885இல் மணந்தார். வில் விளக்கு ஆய்வு முதலில் கணவருடையது. அவர் 1893இல் சிகாகோ போயிருந்தபோது இவர் தொடர்ந்தார், பிறகு முழுவதும் இவருடையதானது.

1902இல் பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டிக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. திருமணமான பெண்ணுக்குச் சட்டப்படி உறுப்பினராகத் தகுதியில்லை என்று வழக்கறிஞர் கருத்து வாங்கி நிராகரித்தார்கள். ஆளைச் சேர்க்க மாட்டோம் என்றவர்களே 1906இல் தங்கள் ஹியூஸ் பதக்கத்தை மட்டும் கொடுத்தார்கள்! அந்தப் பதக்கம் அடுத்து ஒரு பெண்ணுக்குப் போனது 2008இல். மேரி கியூரியின் ரேடியம் கண்டுபிடிப்பை அவர் கணவர் பியர் கியூரியின் கணக்கில் எழுதிய பத்திரிகைக்கு 1909இல் ஒரு கடிதம் போட்டார் ஹெர்த்தா: பெண் செய்த வேலையை ஆணுடையது என்று சொல்லும் தவறுக்குப் பூனையைவிட அதிக உயிர்கள் இருக்கின்றன என்று. மேரி கியூரி அவருடைய தோழி. ஆனாலும் அதில் சொந்த அனுபவத்தின் காரமும் இருக்கிறது.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர், முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளிலிருந்து விஷவாயுவை விரட்ட அவர் வடிவமைத்த கைவிசிறியில்தான் நிற்கிறார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட விசிறிகள் போர்முனைக்குப் போனது உண்மை. ஆனால் அவற்றின் பயன் பற்றி அப்போதே இரு கருத்து இருந்தது. சீறலின் காரணத்தைப் பிடித்ததுதான் அவருடைய பெரிய சாதனை.

மேலும் படிக்க விரும்பினால், வில் விளக்கைப் பற்றி 1902இல் அவர் எழுதிய ஆங்கில நூல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சமன்பாடுகள் பயமுறுத்தினால் தள்ளிவிடுங்கள். குச்சி முனைகளை வரைந்திருக்கும் படங்களைப் பார்த்துவிட்டுச் சீறல் பற்றிய அத்தியாயத்துக்கு நேரே போகலாம்.