வாசகர் கேள்வி–பதில்: பெண் கல்வியும் பிள்ளைகளின் எண்ணிக்கையும்

கேள்வி: பட்டுக்கோட்டைப் பக்கம் வாழ்ந்த என் பாட்டிக்கு ஒன்பது பிள்ளைகள். அதே ஊரில் இருக்கும் என் அத்தை மகள்கள் யாருக்கும் இரண்டுக்கு மேல் இல்லை. பெண்கள் படித்ததுதான் காரணம் என்கிறார் என் கணவர். கையில் காசு புழங்கியதுதான் காரணம் என்கிறார் மாமியார். யார் சொல்வது சரி?
– வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: மாமியார் சொல்வதைத் தள்ளிவிட முடியாது, வருமானம் உயர்ந்த நாடுகளில் பிள்ளைகள் குறைந்திருப்பது உண்மைதான். ஆனால் காசு வருவதற்கு முன்பே பிள்ளைப்பேறு குறைந்த இடங்களும் உண்டு. 1980களில் தனிநபர் வருமானத்தில் இந்தியச் சராசரிக்கும் கீழே இருந்த கேரளம், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஒரு பெண்ணுக்கு ஏறத்தாழ இரண்டு குழந்தைகள் என்ற நிலைக்கு வந்துவிட்டது. எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் அங்கேதான் மிகுதி.

2019-21இல் எடுக்கப்பட்ட இந்தியத் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, பள்ளிக்கே போகாத பெண்களுக்குச் சராசரியாக 2.8 குழந்தைகள், 12 ஆண்டுகளோ அதற்கு மேலோ படித்தவர்களுக்கு 1.8. இந்த வேறுபாடு முழுவதையும் படிப்பின் கணக்கில் எழுதிவிடக் கூடாது, ஏனெனில் வசதியுள்ள வீட்டுப் பெண்தான் அதிகம் படிக்கிறாள். அதனால் நைஜீரியாவில் 1976இல் தொடக்கக்கல்வி இலவசமானபோது அந்த வாய்ப்புக் கிடைத்த வயதுப் பெண்களையும், வயது கடந்துவிட்டதால் அதைத் தவறவிட்டவர்களையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். படிப்புக் கூடியவர்களிடம் இளவயதுப் பிள்ளைப்பேறு குறைந்திருந்தது.

படிக்கும் பெண்ணுக்குத் திருமணம் தள்ளிப்போகிறது. 16 வயதில் மணமானவள் 22 வயதில் இடுப்பில் ஒன்றும் கையைப் பிடித்தபடி ஒன்றுமாக நிற்கும்போது, கல்லூரியை முடித்தவளுக்கு அப்போதுதான் பெண் பார்க்க வருவார்கள். தடுப்பூசி அட்டையில் அடுத்த தேதியைத் தானே படித்துக்கொள்ளும் தாயின் பிள்ளை பிழைக்க வாய்ப்பு அதிகம். பெற்றது தங்கும் என்ற நம்பிக்கை வந்துவிட்டால், ‘எதற்கும் இன்னொன்று’ என்ற எண்ணம் தானாகவே குறையும். எல்லாவற்றுக்கும் மேலாக, ‘போதும்’ என்று கணவரிடமும் மாமியாரிடமும் சொல்லும் துணிவு. (உங்கள் மாமியாரைச் சொல்லவில்லை!)

கேள்வி: எங்கள் வேலையிடத்தில் உள்ள பங்ளாதேஷ் ஊழியர்கள் பலருடைய தாய்மார் பள்ளிக்கே போகாதவர்கள். ஆனாலும் உடன்பிறந்தவர்கள் மூன்று, நான்கு பேர்தான். இது எப்படி?
– வாசகர், சுங்கை காடுட்

பதில்: கல்வி மட்டுமே காரணம் என்பாருக்கு உங்கள் கேள்விதான் மறுப்பு. 1970களில் ஒரு பெண்ணுக்கு ஏறத்தாழ ஏழு குழந்தைகள் என்றிருந்த பங்ளாதேஷில், 1990களின் தொடக்கத்திலேயே அது பாதியாகிவிட்டது. அரசு நியமித்த பெண் ஊழியர்கள் வீடுவீடாகச் சென்று கருத்தடை மாத்திரைகளைக் கொடுத்தார்கள். வாசலைத் தாண்டாத பெண்ணுக்கும் வாசலிலேயே கிடைத்தது. உயர்நிலைப்பள்ளி மாணவிகளுக்கான உதவித்தொகை நாடு முழுவதும் வந்தது 1994இல்தான். அதைப் பெறுவதற்கு வருகைப்பதிவும் மதிப்பெண்ணும் மட்டும் போதா, மணமாகாமலும் இருக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த நிபந்தனை இதுதான்: மகளைக் கட்டிக்கொடுக்க அவசரப்படும் தந்தைக்கு, காத்திருப்பதற்குக் கையில் ஒரு காரணத்தைக் கொடுத்தது அது.

கேள்வி: சிங்கப்பூரிலும் பெண்கள் படித்ததால்தான் குழந்தைகள் குறைந்தனவா?
– வாசகி, தோ பாயோ

பதில்: ஓரளவுக்குத்தான். 1966இல் குடும்பக் கட்டுப்பாட்டு வாரியம் அமைக்கப்பட்டு, 1972இல் ‘இரண்டோடு நிறுத்துங்கள்’ இயக்கம் தொடங்கி, 1970களின் நடுவிலேயே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக எத்தனை குழந்தைகள் என்ற விகிதம் இரண்டை ஒட்டி இறங்கிவிட்டது. பட்டதாரிப் பெண்கள் அப்போது மிகச் சிலரே. பின்னர் 1984இல், மூன்று பிள்ளைகள் பெற்ற பட்டதாரித் தாய்மாருக்குத் தொடக்கநிலை ஒன்றுக்கான சேர்க்கையில் முன்னுரிமை தரும் திட்டம் வந்தது; அந்தப் பட்டதாரிப் பெண்களிலேயே பலர் எதிர்த்ததால் மறு ஆண்டே அது கைவிடப்பட்டது. 2023இல் விகிதம் 0.97. இதற்குத் தாமதத் திருமணம், வேலைநேரம், பிள்ளைவளர்ப்புச் செலவு ஆகியவற்றையும் கேட்க வேண்டும். பெண்ணின் பட்டத்தை மட்டும் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது.