மிதித்தால் ஆடும் டைல்ஸ்: முழுத் தரையையும் பெயர்க்க வேண்டுமா?

ஹாலில் நாலைந்து டைல்ஸ் தட்டினால் உள்ளே காலியாகச் சத்தம் வருகிறது, ஒன்று மிதித்தால் ஆடுகிறது, எல்லாவற்றையும் பெயர்க்கணுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட வேண்டாம். ஆடுகிற அந்த ஒன்றை மட்டும் உடையாமல் கழற்றி, முதலில் அதன் முதுகைப் பாருங்கள்.

நான் இருப்பது மியான்மரில், யாங்கூன் நகரின் டாம்வே பகுதியில், மூன்றாவது மாடி. 2025 ஏப்ரல், திஞ்சான் (பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா) முடிந்த கையோடு, மதிய வெயிலில் ஹால் நடுவே பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். மார்ச் 28 நிலநடுக்கம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை என்பதால் அம்மா பதறிப்போய் படிக்கட்டுக்கே ஓடிவிட்டார். போய்ப் பார்த்தால் இரண்டு டைல்ஸ் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு கூரை மாதிரி எழுந்து நிற்கிறது. ஒன்றைத் தூக்கித் திருப்பினேன், முதுகு கழுவி வைத்த தட்டு மாதிரி சுத்தம்! சிமெண்ட் அத்தனையும் தரையிலேயே இருந்தது, டைலின் பின்பக்கக் கோடுகள்கூட அதில் அச்சாகப் பதிந்திருந்தன.

அதுதான் காரணம். என் வீட்டில் இருப்பது விட்ரிஃபைட் டைல், கண்ணாடி மாதிரி இறுகச் சுட்டது. அது 0.5 சதவீதம்கூடத் தண்ணீர் குடிக்காது, வெறும் சிமெண்ட் பால் (தண்ணீரில் கரைத்த சிமெண்ட்) அதைப் பிடிக்காது, பாலிமர் கலந்த டைல் பசைதான் வேண்டும். கூடவே ஸ்கர்ட்டிங்கை (சுவர் அடியில் ஒட்டும் டைல் பட்டை) எடுத்துப் பார்த்தேன், சுவர் ஓரம் ஒரு நூல்கூட இடைவெளி விடவில்லை. வெயிலில் விரிந்த டைல்ஸ் வேறு எங்கே போகும், மேலேதான் எழும்பும்.

உங்களுடையதில் வேறு மாதிரி இருக்கலாம். முதுகில் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தால், சூளையில் தடவுகிற பொடியைத் துடைக்காமலே பதித்திருக்கிறார்கள். பசை முழுக்க டைலோடு வந்து தரை தூசியாக இருந்தால், தரையைச் சுத்தம் செய்யவில்லை. பல் கரணை (பசை தடவும், ஓரத்தில் பல் வெட்டிய கரணை) இழுத்த வரிகள் நசுங்காமல் அப்படியே நின்றால், பசை மேலே ஆடை கட்டிய பிறகு டைலை வைத்திருக்கிறார்கள், அல்லது தட்டி உட்கார வைக்கவே இல்லை. ஐந்து இடத்தில் உருண்டை உருண்டையாக வைத்திருந்தால் மற்ற இடமெல்லாம் காலிதான். வரிகள் நசுங்காதது ஓரிரு டைல்ஸில் மட்டும் என்றால் அவற்றை மட்டும் மாற்றினால் போதும். மற்ற மூன்றும், என் வீட்டில் நடந்ததும், தரை முழுக்க அப்படியே இருக்கலாம், அதற்குத் தயாராகிக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஒரு நாணயத்தால் ஹால் முழுக்கத் தட்டி, காலியான இடங்களைச் சாக்பீஸால் குறித்து வையுங்கள். மூலையில் மட்டும் சத்தம், டைல் ஆடவில்லை, கிரவுட்டும் (டைல்ஸ் இடுக்கில் அடைக்கும் கலவை) விரிசல் விடவில்லை என்றால் அதை விட்டுவிடலாம். கிரவுட்டில் ஓட்டை போட்டு எபாக்ஸி பசை செலுத்துவதும் அசையாத டைலுக்குத்தான். எழும்பியதற்கு அதைச் செய்தால் காசுதான் வீண். விரிசல் ஒரே கோடாக நாலைந்து டைல்ஸைக் கடந்து போனால் அது கீழே உள்ள கான்கிரீட்டின் விரிசலாக இருக்கலாம், எஞ்சினியரிடம் காட்டாமல் டைல் ஒட்டாதீர்கள்.

மாற்றும்போது சுற்றிலும் உள்ள கிரவுட்டை முதலில் அறுத்து எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் உளி படும்போது பக்கத்து டைலும் உடையும். பழைய பசையைத் தரைமட்டத்துக்குச் செதுக்கித் தூசியைத் துடைத்துவிட்டு, தரையிலும் டைல் முதுகிலும் பசை தடவி, வரிகளுக்குக் குறுக்காக அசைத்து அழுத்துங்கள். கண்ணாடியும் மாஸ்க்கும் கட்டாயம் போடுங்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. ஒரு நாள் காய்ந்த பிறகு கிரவுட், சுவர் ஓரம் ஆறேழு மில்லிமீட்டர் காலியாகவே இருக்கட்டும், ஸ்கர்ட்டிங் மறைத்துவிடும்.

கழற்றியதும் டைல் முதுகையும் தரையையும் படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.