கோலாலம்பூரில் வீடு எடுக்க ஏன் மூன்றரை மாத வாடகையை முதலிலேயே கேட்கிறார்கள்?

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டத்திலிருந்து கோலாலம்பூருக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகள் திகைத்து நிற்பது இதில்தான். வாடகை 1,200 வெள்ளி (ரிங்கிட்) என்றால் சாவி கைக்கு வர 4,200 வெள்ளி வேண்டும்: டெபாசிட் இரண்டு மாதம், தண்ணீர், கரண்டுக்கு அரை மாதம், அப்புறம் முதல் மாத வாடகை. டெபாசிட் என்பது பிணைப்பணம். முன்பின் தெரியாத ஆள் பாக்கி வைத்துவிட்டுக் கிளம்பினாலோ கதவை உடைத்தாலோ வீட்டுக்காரருக்கு அதுதான் பிடி. நம் ஊர் மளிகைக்கடையில் 555 புத்தகத்தில் (கடன் கணக்கு எழுதும் சின்ன நோட்டு) எழுதிக்கொண்டு அரிசியைக் கொடுத்து அனுப்புவார்கள், ஏனென்றால் உங்கள் அப்பாவையும் தெரியும், சம்பள நாளும் தெரியும்; பட்டணத்தில் அந்த அறிமுகம் இல்லாததற்குத்தான் இந்த விலை (கொஞ்சம் அதிகம்தான்). கடைசி இரண்டு மாத வாடகையை டெபாசிட்டில் கழித்துக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள், ஒப்பந்தங்கள் பெரும்பாலும் அதை அனுமதிப்பதில்லை; வீட்டைப் பார்த்து, பில் பாக்கியைக் கழித்த பிறகே மிச்சம் திரும்ப வரும்.