ஆய்வுடன் கூடிய ஆனர்ஸ்: நலவாழ்வு அறிவியல் மாணவர்களின் கேள்விகளும் பதில்களும்

(கோவையில் பொதுச் சுகாதாரம் கற்பித்து ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் பதிலளிக்கிறார்.)

கேள்வி (இளநிலை மாணவி, ஈரோடு): ஐயா, நான்காம் ஆண்டில் ஆய்வுடன் கூடிய ஆனர்ஸில் சேரத் தகுதி என்ன?

பதில்: இளநிலைப் பட்டத்தின் நான்காம் ஆண்டில் ஆய்வும் செய்து முடிக்கும் படிப்பு இது. பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட வரைமுறைப்படி முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடு பெற்றிருக்க வேண்டும், நான்காம் ஆண்டில் ஆய்வேட்டுக்கு மட்டும் 12 கிரெடிட் (படிப்பின் அளவைக் கணக்கிடும் அலகு) உண்டு. எல்லாக் கல்லூரிகளிலும் அந்த ஆண்டு இல்லை என்பதால், மதிப்பெண்ணைக் கணக்கிடும் முன் கல்லூரியில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (தந்தை, திருப்பூர்): ஆஸ்திரேலியாவில் மூன்றாண்டுப் பட்டம் முடிக்கும் என் மகன், இன்னும் ஓராண்டு ஆனர்ஸ் என்கிறான். தேவைதானா?

பதில்: அங்கே அது பட்டத்துக்கு மேல் தனியாகப் படிக்கும் ஆய்வு ஆண்டு. முனைவர் பட்டம் அவர் எண்ணமானால் முதல் வகுப்பு ஆனர்ஸ் மிகவும் உதவும்; உடனே வேலைக்குப் போவதே நோக்கமானால் அந்தச் செலவு வேண்டியதில்லை என்பது என் கருத்து. வழிகாட்டிப் பேராசிரியர் ஒருவர் ஒப்புக்கொண்டுவிட்டாரா என்று மகனிடம் கேளுங்கள்.

கேள்வி (மாணவர், பல்லடம்): நூற்பாலைத் தொழிலாளர்களின் நுரையீரல் பாதிப்பை ஆராய விரும்புகிறேன். ஓராண்டு போதுமா?

பதில்: தலைப்பு நன்று, ஆனால் ஓராண்டுக்கு மிகப் பெரிது. பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் என்ற நுரையீரல் நோயில், வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில்தான் நெஞ்சு இறுக்கம் மிகுதியாகத் தெரியும். ஆகவே ஒரே ஆலையில், பஞ்சைச் சிக்கெடுத்துச் சீவும், தூசி மிகுந்த கார்டிங் பிரிவினரையும் வேறொரு பிரிவினரையும் எடுத்துக்கொண்டு, அந்த முதல் நாள் ஷிப்டுக்கு முன்னும் பின்னும் மூச்சின் அளவைக் காட்டும் ஸ்பைரோமீட்டர் கருவியில் ஊதச் செய்து ஒப்பிட்டால், கேள்வி கைக்கு அடக்கமாகிவிடும். ஆய்வில் பங்கேற்கத் தொழிலாளர்களிடம் வாங்கும் ஒப்புதல் படிவத்தை மேஸ்திரி கையில் கொடுத்துவிடாதீர்கள்; வேலை போய்விடுமோ என்ற அச்சத்தில் வாங்கும் கையெழுத்து ஒப்புதல் ஆகாது. என் மாணவி ஒருவர் படிவத்தில் ‘சுவாசச் செயற்பாட்டு மதிப்பீடு’ என்று எழுதியிருந்ததைப் பார்த்த தொழிலாளி ஒருவர், “ஊதச் சொல்லுவீங்களா, ஊசி போடுவீங்களாங்க?” என்று கேட்டார். அன்றே அவ்வரியை ‘குழாயில் ஊதச் சொல்வோம்’ என்று மாற்றினோம்.

கேள்வி (மாணவி, பொள்ளாச்சி): நெறிமுறைக் குழுவின் அனுமதியைத் தரவு திரட்டிக்கொண்டே பெறலாமா?

பதில்: கூடாது. அனுமதிக்கு முன் திரட்டிய தரவை ஆய்வேட்டில் சேர்க்க முடியாது. ஆய்வு பங்கேற்பாளர்களுக்குத் தீங்கு செய்யாதா என்று பார்க்கும் அந்தக் குழு நினைத்த நாளில் கூடுவதில்லை. திருத்தம் கேட்டால் அடுத்த கூட்டம் வரை காத்திருக்க நேரும். எனவே விடுமுறையிலேயே விண்ணப்பத்தை எழுதி முடித்துவிடுங்கள்.