எச்-இண்டெக்ஸ் 14 மட்டுமே உள்ள பொது சுகாதாரப் பேராசிரியரிடம் பிஎச்.டி. சேரலாமா?

மதுரையில் ஒரு கைடைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள். கூகுள் ஸ்காலரில் அவருடைய எச்-இண்டெக்ஸ் 14தான், நண்பர்கள் 'கம்மி' என்கிறார்கள், சேரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த ஒரு எண்ணை வைத்து வேண்டாம் என்று முடிவு செய்துவிடாதீர்கள். மதுரைப் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரி நூலகத்தில் இருக்கிறேன். ஆசிரியர்களின் கட்டுரைப் பட்டியலும் மேற்கோள் கணக்கும் எடுத்துக் கொடுப்பதுதான் என் வேலையில் பாதி.

எச்-இண்டெக்ஸ் 14 என்றால், தலா 14 முறையாவது மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் 14 இருக்கின்றன, அவ்வளவுதான். 2005இல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன கணக்கு இது. ஒரு கட்டுரை ஆயிரம் முறை மேற்கோள் காட்டப்பட்டாலும் இதில் ஒன்றாகத்தான் சேரும்.

முதலில் அந்தக் கூகுள் ஸ்காலர் பக்கத்தில் இருப்பதெல்லாம் அவருடையதுதானா என்று பாருங்கள். நம் ஆட்களுக்குப் பெரும்பாலும் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஒரு ஜர்னலில் எஸ். செந்தில்குமார், இன்னொன்றில் செந்தில்குமார் சுப்பையா, மூன்றாவதில் சுப்பையா எஸ். என்று போட்டு அப்பாவையே ஆய்வாளர் ஆக்கிவிடுவார்கள். கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாற்றிக்கொண்ட பெண்கள் பாடு இன்னும் திண்டாட்டம். கூகுள் ஸ்காலர் பாதிக் கட்டுரையை விட்டுவிடும், இல்லையென்றால் வேறொரு செந்தில்குமாரின் சிமெண்ட் ஆராய்ச்சியைக் கொண்டுவந்து சேர்க்கும். இந்தக் குழப்பத்துக்காகவே 2012இல் ஆர்கிட் எண் வந்தது, ஒவ்வொரு ஆய்வாளருக்கும் ஒரு தனி அடையாள எண். அவருக்கு அது இருந்தால் அதிலுள்ள பட்டியலோடு ஒத்துப் பாருங்கள். ஸ்கோபஸ் என்ற இன்னொரு மேற்கோள் தரவுத்தளத்தில் எண் குறைவாகத் தெரிந்தால் பதற வேண்டாம். கூகுள் ஆய்வேடுகளில் வரும் மேற்கோளையும் எண்ணும், ஸ்கோபஸ் தன் பட்டியலில் உள்ளவற்றை மட்டுமே எண்ணும்.

அப்புறம், எந்தத் துறையில் 14? பூஞ்சையாலோ பாக்டீரியாவாலோ வரும் மதுராக் கால் என்ற நோயை 1842இலேயே மதுரையில் இருந்த கில் என்ற மருத்துவர் பதிவு செய்தார். உலக சுகாதார நிறுவனம் அதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களில் சேர்த்தது 2016இல்தான். அதை ஆராய்பவர்கள் உலகத்திலேயே கொஞ்சம் பேர், மேற்கோள் எங்கிருந்து குவியும்? உலக நோய்ச்சுமை ஆய்வு மாதிரியான பெரிய கூட்டுக் கட்டுரைகளில் கதையே வேறு. நூற்றுக்கணக்கான ஆசிரியர்களில் ஒருவராகப் பெயர் வந்தாலே ஆயிரக்கணக்கில் மேற்கோள் ஏறிவிடும். அந்த மாதிரிக் கட்டுரைகளை ஒதுக்கிவிட்டு, அவர் முதல் ஆசிரியராகவோ (பெரும்பாலும் வேலையைச் செய்தவர்) கடைசி ஆசிரியராகவோ (பெரும்பாலும் வழிநடத்தியவர்) உள்ளவற்றை மட்டும் எண்ணுங்கள்.

யார், எதற்காக மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். மதுரை அரவிந்த் மருத்துவமனையின் ஆய்வுக் குழு, லலிதா ரஹ்மத்துல்லாவை முதல் ஆசிரியராகக் கொண்டு 1990இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு கட்டுரை வெளியிட்டது. பள்ளி வயதுக்கு முந்தைய 15,419 குழந்தைகளை வைத்துச் செய்த சோதனை அது. வாரம் ஒரு சிறு அளவு வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளில் இறப்பு அபாயம் பாதிக்கும் கீழே போனது. 2003இல், பிறந்த குழந்தைகளுக்கே கொடுத்துப் பார்த்த அவர்களுடைய ஆய்வு பிஎம்ஜே என்ற பிரிட்டிஷ் மருத்துவ ஜர்னலில் வந்தது. ஆறு மாதத்துக்குள் ஏற்படும் இறப்பு 22 சதவீதம் குறைந்ததாகக் காட்டியது. ஆனால் பிறந்த குழந்தைகளுக்குக் கொடுப்பதை 2011இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கவில்லை. பிறகு இந்தியா, கானா, தான்சானியாவில் நடந்த பெரிய சோதனைகளிலும் அதே பலன் தெளிவாகக் கிடைக்கவில்லை. ஆதரித்தவர்களும் சரி, மறுத்தவர்களும் சரி, 2003 கட்டுரையை மேற்கோள் காட்டாமல் எழுத முடியாது. கணக்கெடுக்கும் இயந்திரத்துக்கு இரண்டும் ஒன்றுதான். என்னைக் கேட்டால், இப்படி வாதத்துக்கு இழுக்கும் ஒரு கட்டுரை இருப்பதே பெரிய விஷயம்.

ஆகவே உங்கள் கைடின் முதல் ஐந்து கட்டுரைகளைத் திறந்து, 'மேற்கோள் காட்டியவை' என்ற இடத்தைச் சொடுக்குங்கள். முக்கால்வாசி அவரே எழுதியதா, அதே கல்லூரிக்காரர்களா, முகம் தெரியாத ஊர்க்காரர்களா என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஒரு சுகாதாரத் துறைச் சுற்றறிக்கை அவர் ஆய்வை எடுத்தாண்டிருந்தால் அது பெரும்பாலும் இந்தக் கணக்கில் வராது, அவரிடமே கேளுங்கள்.

கடைசியாக, அவரிடம் படித்தவர்களின் கட்டுரைகளைப் பாருங்கள். களத்தில் அலைந்த மாணவர் பெயர் முதலில் இருந்தால் 14 எனக்குப் போதும். எல்லாவற்றிலும் கைடு பெயரே முதலில் என்றால், 40 இருந்தாலும் நான் யோசிப்பேன்.