வாய்க்கால் குறிப்பு யார் கையில் இருக்கும்?

கேள்வி: கிள்ளை பக்கம் இருளர் குடியிருப்பில் இருக்கிறோம். பிச்சாவரம் வாய்க்கால்களில் இறால், நண்டு பிடிப்பதுதான் தொழில். அலையாத்திக் காட்டைப் பற்றி ஆராய்ச்சி செய்ய ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறார்களாம். எந்த வாய்க்காலில் எப்போது என்ன கிடைக்கும், எந்தச் செடி எந்த நோய்க்கு ஆகும் என்று கேட்டு, இடத்தைப் போனில் குறித்துக்கொள்வார்களாம். 'கோ-ஆர்டினேட்டர்' ஒருவர் ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்தும் ஆதார் ஜெராக்ஸும் கேட்கிறார், தலைக்கு 500 ரூபாய் என்கிறார். போடலாமா? நாளைக்கு அந்த வரைபடத்தைக் காட்டியே எங்களைக் காட்டுக்குள் விடாமல் செய்துவிடுவார்களோ?

பதில்: இப்போதைக்குப் போடாதீர்கள். அதற்காக வருகிறவர்களைத் துரத்தவும் வேண்டாம்.

உங்கள் பயம் நியாயமானது. அது காப்புக்காடு. இன்ன தேதியில் இன்ன இடத்தில் இன்னார் நண்டு பிடித்தார் என்ற தாள், நீங்கள் உள்ளே போனதற்கு நீங்களே எழுதிக் கொடுத்த சாட்சி. ஆனால் அதே தாளுக்கு இன்னொரு பயனும் உண்டு. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(1)(டி) பிரிவு, நீர்நிலைகளில் மீன் முதலானவற்றைப் பிடிப்பதைச் சமூக உரிமையாகச் சொல்கிறது. அதற்குப் படிவம் 'பி'யில் மனுப் போடும்போது, தலைமுறையாக இங்கே பிடிக்கிறோம் என்று காட்ட இப்படிப்பட்ட குறிப்புகள்தான் கைகொடுக்கும். ஆகவே ஆராய்ச்சி வேண்டாம் என்று சொல்லாமல், குறிப்பின் முழு நகல் எங்களிடம் இருக்க வேண்டும் என்று கேளுங்கள்.

முதலில் அந்தக் கோ-ஆர்டினேட்டர். வாய்க்காலில் என்ன கிடைக்கும் என்று எழுதிக்கொள்ள ஆதார் எதற்கு? 500 ரூபாய் கொடுத்ததற்கு ஒரு வவுச்சர் போதும். கையெழுத்தும் ஆதார் நகலும் சேர்ந்தால், நடக்காத பயிற்சி முகாமுக்கு வருகைப் பதிவு எழுதலாம், சாப்பாட்டு பில் போடலாம். அவருக்கே கையெழுத்துக்கு இவ்வளவு என்று பேசியிருக்கலாம். கொடுத்தே தீர வேண்டும் என்றால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரைக் கொடுத்து, எதற்காக, எந்தத் தேதியில் என்று குறுக்கே எழுதுங்கள். பேச்சை அவரோடு முடித்துக்கொள்ள வேண்டாம். திட்டத் தலைவர் நேரில் வரட்டும். யார் பணம், பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதி எண் என்ன, புகார் சொல்ல எந்த எண் என்று கேளுங்கள். "ஃபாரஸ்டில் பர்மிஷன் வாங்கியாச்சு" என்பார்கள். அது அவர்கள் காட்டுக்குள் கால் வைக்க வாங்கியது. உங்களுக்குத் தெரிந்ததை எடுத்துப் போக எந்த ரேஞ்சரும் அனுமதி தர முடியாது.

அடுத்தது இடக்குறிப்பு. ஏமாற்றம் பெரும்பாலும் இங்கேதான். போன் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை ஆறு தசமம் வரை எழுதும். உண்மையில் சில மீட்டர் முன்னே பின்னே இருக்கும், ஆனாலும் நண்டு வளையைத் தேடி வர அது தாராளம். 11.43, 79.78 என்று இரண்டு தசமத்தில் நிறுத்தினால் சுமார் ஒரு கிலோமீட்டர் வட்டாரம்தான் தெரியும். மூன்றாவது தசமத்துக்கு 110 மீட்டர், நான்காவதுக்கு 11 மீட்டர். வெளியிடும் வரைபடத்தில் இரண்டு தசமத்துக்கு மேல் கூடாது என்று எழுதி வாங்குங்கள். போட்டோவிலும் இடம் ஒளிந்திருக்கும். கேமரா செட்டிங்ஸில் லொகேஷனை அணைத்த பிறகே எடுக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்தக் குறிப்பு போய்விடும், 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் அப்படியே கூடப் போகும். கட்டுரையை வெளியிடும் ஆய்விதழ் எல்லாத் தரவையும் பொதுவில் வைக்கச் சொல்கிறது என்று ஆராய்ச்சியாளர் இழுத்தால், பழங்குடித் தரவுக்கென்று 2019இல் வந்த 'கேர்' கோட்பாடுகளைச் சொல்லுங்கள். தரவு மீதான அதிகாரம் அந்தச் சமூகத்துக்கே என்பது அதில் ஒன்று. அவருக்கும் தெரிந்திருக்கும்.

செடி விஷயத்தில் ஒரு வாதம் வரும். "இதெல்லாம் சித்த வைத்தியத்தில் ஏற்கெனவே இருக்கிறதே!" இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். உயிரினங்களையும் அவற்றைப் பற்றிய அறிவையும் எடுப்பதற்கு விதி போடும் பல்லுயிர்ச் சட்டத்தின் 2023 திருத்தம், நூலில் பதிவான மரபறிவுக்குச் சில விலக்குகள் கொடுத்தது உண்மைதான். ஆனால் நூல் என்றால் எந்த நூலும் அல்ல. 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பெயர் உள்ள நூல் மட்டும். உங்கள் பாட்டி சொன்னதை ஒருவர் ஆய்வேட்டில் எழுதிவிட்டால் அது அந்த வகையில் சேராது. கழுதைமுள்ளி அட்டவணை நூலில் இருக்கலாம். அதை எந்தப் பருவத்தில் பறித்து, எதோடு சேர்த்து, யாருக்குக் கொடுப்பது என்று உங்கள் ஊர் வைத்திருக்கும் முறை அதில் இருக்கிறதா? செடி பெயர் இருப்பதைக் காட்டி முறையையும் அள்ளிக்கொண்டு போவதுதான் வழக்கமான வித்தை. நூலின் பெயர், பக்கம் காட்டச் சொல்லுங்கள்.

இதற்கெல்லாம் சட்டம் துணை வருமா என்றால், பாதி வழிதான் வரும். இந்தியப் பல்கலைக்கழகம் வெறும் ஆராய்ச்சி என்று சொன்னால் பல்லுயிர் வாரியத்துக்குத் தகவல்கூடத் தர வேண்டியதில்லை, வணிகம் என்றால்தான் முன்கூட்டித் தகவல் தரச் சொல்லும் பல்லுயிர்ச் சட்டத்தின் 7ஆம் பிரிவு வரும். 2023இன் தனிநபர் தரவுச் சட்டத்தில் தனிநபர் உண்டு, ஊர் கிடையாது. பேரூராட்சியில் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், ஊரின் உயிரினங்களையும் அவற்றைப் பற்றிய அறிவையும் எழுதும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும். 2020 ஜனவரி 31க்குள் முடிக்காவிட்டால் மாநிலத்துக்கு மாதம் 10 லட்சம் அபராதம் என்று பசுமைத் தீர்ப்பாயம் சொன்ன பிறகு நாடு முழுக்க அடித்துப் பிடித்துப் பதிவேடு எழுதினார்கள். கேட்க வேண்டியவர்களைக் கேட்காமலே பக்கம் நிரப்பும் வேலைக்குப் பெயர் மக்கள் பதிவேடு! உங்கள் பேரூராட்சியில் போய் அதைக் கேட்டுப் பாருங்கள், உங்கள் ஊரைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

அதனால் உங்கள் காவல் ஒப்பந்தத் தாள்தான். தமிழில், இரண்டு பக்கத்துக்குள் இருக்கட்டும். ஊர்க் கூட்டத்தில் சத்தமாகப் படித்து, ஒரு வாரம் கழித்துக் கையெழுத்துப் போடுங்கள். வேலை முடிந்த 30 நாளில் குரல் பதிவு, எக்செல், படம் எல்லாவற்றின் நகலும் ஊருக்கு வர வேண்டும். அச்சேறும் முன் தமிழ்ச் சுருக்கத்தைப் பார்க்க 30 நாள் வேண்டும். வேறு ஆராய்ச்சிக்குக் கொடுப்பதானால் மறுபடி கேட்க வேண்டும். எதைச் சொல்வதில்லை என்று முன்பே உங்களுக்குள் முடிவு செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் அச்சான பிறகு யாராலும் திரும்ப எடுக்க முடியாது. தலைக்கு 500 என்பது அன்றையக் கூலி, ஊரின் பங்கு அல்ல. அகத்தியமலைக் காணிப் பழங்குடியினர் காட்டிய ஆரோக்கியப்பச்சைச் செடியிலிருந்து 'ஜீவனி' மருந்து வந்தபோது உரிமக் கட்டணத்திலும் 2 சதவீத ராயல்டியிலும் பாதி அவர்களுக்கு என்று முடிவானது, ஆனால் பணத்தை வாங்க 1997இல் ஓர் அறக்கட்டளை பதிவு செய்ய வேண்டியிருந்தது. உங்கள் மகளிர் குழுவின் வங்கிக் கணக்கு நடப்பில் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

நகல் வந்ததும் இரண்டு பென் டிரைவில் ஏற்றி இரண்டு வீட்டில் வையுங்கள். உப்புக்காற்றில் முனை கறுத்துவிடும், மூடி இறுக்கமான டப்பாவுக்குள் போடுங்கள். வருடம் ஒருமுறை கம்ப்யூட்டரில் செருகித் திறக்கிறதா என்று பார்த்துப் புதிதாக ஒரு நகல் எடுங்கள்.