பை நிரம்புகிறது, தாகம் அடங்கவில்லை

குடல் அறுவைக்குப் பிறகு வயிற்றில் பை மாட்டியிருக்கும் நீங்கள், கடிதத்தில் எட்டுப் பிரச்சினைகளை வரிசைபோட்டு எழுதிவிட்டு, கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: எவ்வளவு குடித்தாலும் நா வறட்சி போகவில்லை, இரவில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது. முதல் வரியில் இருந்திருக்க வேண்டியது இதுதான். மற்றவை காத்திருக்கும்.

உங்கள் பயம் என்னவென்று புரிகிறது. பெருங்குடலை எடுத்து, சிறுகுடலின் முனையை வயிற்றில் ஸ்டோமாவாக, அதாவது கழிவு வெளியேறும் வாயாக, வைத்து மூன்று வாரம் ஆகிறது. அதன்மேல் ஒட்டிய பை தண்ணீராக நிரம்பிக்கொண்டே இருக்கிறது. நோய் சிறுகுடலுக்குப் பரவிவிட்டதோ என்று கேட்கிறீர்கள். உங்களுக்கு வந்த அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (குடல் புண் அழற்சி) பெருங்குடலையும் மலக்குடலையும் தாக்கும் நோய். சிறுகுடல் முழுக்கப் பரவுவது அதன் இயல்பல்ல. எடுத்த குடலின் பயாப்ஸியில் (திசுப் பரிசோதனையில்), சிறுகுடலையும் தாக்கக்கூடிய க்ரோன் நோய்க்கான அறிகுறி இல்லை என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆகவே அந்தப் பயத்தை ஓரமாக வையுங்கள்.

பிறகு ஏன் இப்படிப் போகிறது? பெரும்பாலும் நீங்கள் குடிக்கும் தண்ணீரே அதை அதிகப்படுத்துகிறது. இணையத்தில் யாரோ சொன்னார்கள் என்று தினமும் 4 லிட்டர் வெறும் தண்ணீர், அதற்கு மேல் பழச்சாறு. உப்பையும் நீரையும் கடைசியாக உறிஞ்சித் தேக்கும் வேலையைச் செய்துவந்த பெருங்குடல் இப்போது இல்லை. சிறுகுடலின் மேற்பகுதிச் சுவர் உப்பைக் கசியவிடும் தன்மை கொண்டது. உப்பில்லாத நீர் அங்கே வந்து சேர்ந்தால், இரத்தத்திலிருந்து சோடியம் குடலுக்குள் கசிந்து, நீரோடு சேர்ந்து பைக்குப் போய்விடும். அதாவது குடிக்கக் குடிக்க உப்பு வெளியேறுகிறது, தாகம் கூடுகிறது, இன்னும் குடிக்கிறீர்கள். பழச்சாறும் கோலாவும் வேறு வழியில் கெடுக்கும்: அவற்றின் சர்க்கரைச் செறிவு குடலுக்குள் நீரை இழுக்கும்.

இன்றே அளவு ஜாடி ஒன்றை எடுத்து, பையைக் காலி செய்யும்போதெல்லாம் அளந்து எழுதுங்கள். உங்களுக்குச் செய்ததுபோன்ற சிறுகுடல் ஸ்டோமாவுக்கு இலியாஸ்டமி என்று பெயர். அது புதிதாக இருக்கையில் முதலில் ஒரு லிட்டருக்கு மேல் போகலாம். சில வாரங்களில் நாளுக்கு 600 முதல் 800 மில்லி வரை என்று, கூழ் பதத்தில் நிலைபெற வேண்டும். 24 மணி நேரத்தில் 1,500 மில்லியைத் தாண்டினால் அது அதிகம். ஆனால் உங்களுக்கு அந்தக் கணக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டாம். தலைசுற்றலும் தசைப்பிடிப்பும் ஏற்கெனவே இருப்பதால் இன்றே அறுவை செய்த பிரிவுக்குப் போங்கள். சிறுநீர் குறைந்து அடர் நிறமாகப் போனாலோ, விரல்களிலும் உதட்டைச் சுற்றியும் குறுகுறுப்பு இருந்தாலோ, நேராக அவசரப் பிரிவுக்கு. இரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது), சோடியம், பொட்டாசியம், மெக்னீசியம் நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள். மெக்னீசியத்தைச் சொல்லிக் கேட்காவிட்டால் விட்டுப்போக வாய்ப்புண்டு. கால் பிடிப்புக்கு அது குறைவதும் ஒரு காரணம். சிறுநீரில் சோடியம் லிட்டருக்கு 20 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் உடல் உப்புக்குத் தவிக்கிறது என்று பொருள். குடல் தொற்று, பாதி அடைப்பு, வயிற்றுக்குள் சீழ், ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தியது ஆகியவையும் இப்படிப் பையை நிரப்பும். அவற்றையெல்லாம் தபாலில் கண்டுபிடிக்க முடியாது.

கால் வலிக்கு நீங்களாகவே டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டீர்களாம். யார் சொல்லி? நீர்ச்சத்து இறங்கிய உடம்பில் அந்த மாத்திரை சிறுநீரகத்தை நேரடியாக அடிக்கும். குடல் நோய் உள்ளவர்களுக்கு எப்போதுமே ஆகாது. இன்றோடு நிறுத்துங்கள். குடலின் போக்கைக் குறைக்கும் லோபரமைடு நல்ல மருந்துதான், உணவுக்கு அரைமணி நேரம் முன்பு எடுத்தால் வேலை செய்யும். ஆனால் தொற்றோ அடைப்போ இல்லை என்று பார்த்த பிறகு, மருத்துவர் சொன்ன அளவில் மட்டும்.

குடிப்பதற்கு: 1 லிட்டர் குடிநீரில் 20 கிராம் குளுக்கோஸ் பவுடர், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. பேக்கிங் பவுடர் அல்ல, சோடா. கண்மட்டத்துக்குப் போடாமல் தராசில் நிறுத்துப் போடுங்கள். உப்பு குறைந்தால் பலனில்லை. குளிரவைத்தால் குடிக்க எளிது. ஒரே மூச்சில் குடிக்காமல், சாப்பாட்டு நேரம் தவிர்த்து நாள் முழுக்க உறிஞ்சுங்கள், மீந்ததை மறுநாள் கொட்டிவிடுங்கள். பை அதிகம் போகிற வரை, இந்தக் கரைசல் நீங்கலாக, தண்ணீர், தேநீர், காபி எல்லாம் சேர்த்து ஒரு லிட்டருக்குள் நிறுத்தச் சொல்வது வழக்கம். உங்களுக்கான அளவை அங்கே கேட்டுக்கொள்ளுங்கள். இதய நோயோ சிறுநீரக நோயோ இருப்பவர்கள் இந்தக் கரைசலைக் கேட்காமல் தொடவே கூடாது.

பை நிரம்பாமல் இருக்கப் பட்டினி கிடக்கிறீர்கள். அது வீண். சாப்பிடாவிட்டாலும் குடல் தன் சாறுகளைச் சுரந்துகொண்டுதான் இருக்கும். வெறும் வயிற்றில் காற்றும் கூடும், புண்ணும் ஆறாது. ஐந்தாறு முறை, சிறுசிறு அளவாகச் சாப்பிடுங்கள். சோறு, தோல் நீக்கிய உருளைக்கிழங்கு, வெள்ளை ரொட்டி, வாழைப்பழம் ஆகியவை போக்கைக் கெட்டியாக்கும். முட்டை, மீன், கோழி, தயிர் என்று வேளைக்கு ஒரு புரதம் சேருங்கள். இரத்த அழுத்தத்துக்குத் தடை இல்லையென்றால் உப்பைத் தாராளமாகவே போடுங்கள். இரவு உணவை முன்கூட்டியே முடித்தால் நடுராத்திரி எழ வேண்டியது குறையும்.

முதல் ஆறு முதல் எட்டு வாரம் நார் குறைவாக இருக்கட்டும். ஸ்டோமா வாய் வீங்கியிருக்கும்போது காளான், மக்காச்சோளம், கொட்டைகள், தேங்காய், உலர்பழம், ஆரஞ்சுச் சக்கை ஆகியவை அங்கே சிக்கும். பிறகு ஒவ்வொன்றாக, கொஞ்சமாக, நன்றாக மென்று சேர்க்கலாம். நாலைந்து மணி நேரம் எதுவும் வராமல் வயிறு முறுக்கி, வாந்தியும் வந்தால் அடைப்பு. அப்போது பேதி மருந்து குடிக்கவே கூடாது, மருத்துவமனைதான்.

மீதிப் பட்டியலுக்கு வருகிறேன். பையில் தக்காளித் தோல் முழுசாக வருவது, ஸ்டோமாவைத் துடைக்கும்போது பொட்டாக இரத்தம் தெரிவது, ஸ்டோமா நாளுக்கு நாள் சுருங்குவது மூன்றும் இயல்பு. வாராவாரம் ஸ்டோமாவை அளந்து, பையைத் தோலில் ஒட்டும் தகட்டின் துளையை அதைவிட 2 மில்லிமீட்டர் மட்டும் பெரிதாக வெட்டுங்கள். சுற்றித் தோல் வெந்துபோவது, முதல் வாரம் வெட்டிய அளவையே இன்னும் வெட்டுவதால். மலக்குடல் உள்ளேயே இருப்பதால் ஆசனவாயில் சளி வரும், பயமில்லை. சிவப்பாக இரத்தம் தொடர்ந்தால் சொல்லுங்கள். ஸ்டோமா உள்கன்னம் மாதிரி சிவந்து ஈரமாக இருக்கும்வரை கவலை வேண்டாம். கருநீலமாகவோ கறுப்பாகவோ மாறினால், வலிக்கவில்லையே என்று விட்டுவிடாதீர்கள்: ஸ்டோமாவைத் தொட்டாலும் வெட்டினாலும் வலி தெரியாது.

பையில் ஒரு மாத்திரை கரையாமல் அப்படியே வந்தது என்றீர்கள். அதன் பெயரைக் குறித்துக்கொண்டு போங்கள். மேல்பூச்சு உள்ளவையும் மெதுவாகக் கரைபவையும் இந்தக் குறுகிய பாதையில் வேலை செய்யாமலே வெளியேறும். அவற்றை நீங்களாகப் பொடித்துப் போடாமல், திரவமாகவோ சாதாரண மாத்திரையாகவோ மாற்றித் தரச் சொல்லுங்கள்.